கூட்டம் பொங்கி வழியுற பெங்களூரு டிபன் ஹோட்டல்ல நல்லா சாப்பிட்டு வர்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூருக்கு வர்ற நம்ம ஊர்க்காரங்க முக்கால்வாசி பேரு லிஸ்ட்ல காந்தி பஜார் வித்யார்த்தி பவன், லால்பாக் ரோடு எம்டிஆர் (மாவள்ளி டிபன் ரூம்ஸ்), மல்லேஸ்வரம் சிடிஆர் (சென்ட்ரல் டிபன் ரூம்) இந்த மூணும் கட்டாயம் இருக்கும். ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பதரைக்கு போய் இறங்குவாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ரோட்டோரம் நிப்பாங்க, ஒரு வழியா உள்ள போய் அவசர அவசரமா சாப்பிட்டுட்டு வெளிய வந்து "நல்லாதான் இருக்கு, ஆனா இதுக்கா இவ்ளோ பேச்சு"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. அதே தோசையை புதன்கிழமை காலைல ஏழரைக்கு சாப்பிடுறவருக்கு அது வேற தோசை. மாவு அதே, கல்லு அதே, மாஸ்டரும் அதே ஆளுதான், மாறினது உள்ள எத்தனை பேரு வெளிய எத்தனை பேருங்குறது ஒண்ணுதான்.

இந்த ஊர்ல குடியிருக்குறவன், இந்த பழைய ஹோட்டல்கள் மேல எனக்கு பாசம் ஜாஸ்தி, வெளியூர்லேர்ந்து ஆசையா வந்தவங்க அதோட களைச்சுப்போன முகத்தை மட்டும் பாத்துட்டு திரும்புறது மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கூட்டமே இல்லாத நேரமா பாத்து போனா நல்லா சாப்பிடலாம்னு நெனைச்சா அதுவும் தப்பு. ஓரளவு கூட்டம் இருந்தாதான் இந்த மாதிரி ஹோட்டல்ல சாப்பாடு நல்லா இருக்கும், அளவு தாண்டும்போதுதான் கெட்டுப்போகுது. அந்த அளவு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் மொத்த விஷயமும்.

முதல் படி: கூட்டம் அடுக்களையில என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோங்க

இதை தெரிஞ்சுக்காம மத்த எதுவும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு ஐட்டத்தையும் கூட்டம் ஒவ்வொரு மாதிரி பாதிக்குது.

தோசையை எடுத்துக்கோங்க. வித்யார்த்தி பவன் மாதிரி இடத்துல ஒத்த ஒத்த தோசையா ஊத்துறது கெடையாது, பெரிய கல்லுல ஒரே தடவை நிறைய தோசை வரிசையா ஊத்துவாங்க. ஊத்துறதுக்கு முன்னாடி கல்லுல தண்ணி தெளிப்பாங்க, சொய்ய்ன்னு ஆவி கெளம்பும், துடைப்பத்தால ஒரே இழுப்புல கல்லை சுத்தம் பண்ணுவாங்க, அப்பதான் மாவு வட்டம் வட்டமா போகும். தண்ணி தெளிச்சதும் கல்லு கொஞ்சம் சூடு எறங்கும், பச்சை மாவு விழுந்ததும் இன்னும் எறங்கும், கனமான கல்லா இருக்கறதால தாங்கும், ஆனா அடுத்த ஈடு ஊத்துறதுக்குள்ள அந்த சூடு திரும்ப ஏறணும். சாதாரண கூட்டத்துல மாஸ்டருக்கு அந்த நேரம் கெடைக்கும், தோசை வெளிய செவப்பா மொறுமொறுன்னும் உள்ள பஞ்சு மாதிரியும் வரும். வெளிய நூறு பேரு நிக்கும்போது அந்த நேரம் சுருங்குது, கல்லு முழுசா சூடேறாம ஊத்துனா தோசை வெளிறிப்போய் துவண்டு வரும், அதை சரிக்கட்ட தீயை கூட்டுனா மேல கருகி உள்ள மாவு மாவா இருக்கும். நல்ல மாஸ்டர் எந்த கூட்டத்துலயும் விட்டுக்கொடுக்க மாட்டாரு, இருந்தாலும் எல்லா ஹோட்டல்லயும் எல்லா ஷிப்ட்லயும் அப்படி ஆளு இருப்பாருன்னு எதிர்பாக்க முடியாது.

இட்லி வடை கதை நேர் எதிர். கூட்டம் இருக்குற நேரத்துல வடை எண்ணெய்லேர்ந்து நேரா தட்டுக்கு வருது, இட்லி ஒரு ஈடு எறங்குன உடனே காலி ஆகுது, ஆறிப்போய் ஓரம் காஞ்ச இட்லியை உங்க தலையில கட்ட அங்க சரக்கே இருக்காது. ஆளில்லாத மதியம் மூணு மணிக்கு போய் வடை கேட்டுப்பாருங்க, காலைல போட்டது வரும். காரா பாத் (நம்ம ரவா உப்புமா மாதிரி), கேசரி பாத் (நம்ம ரவா கேசரி), பொங்கல் எல்லாமே இதே கணக்குதான், பாத்திரம் சீக்கிரம் காலியாச்சுன்னா உங்களுக்கு லாபம்.

சட்னிக்கு ரெண்டு பக்கமும் உண்டு. தேங்கா சட்னி அரைச்சு ரொம்ப நேரம் வெச்சா புளிச்சிடும், அதனால வேகமா காலியாகுற இடத்துல அடிக்கடி புதுசா அரைப்பாங்க, நமக்கு நல்லது. ஆனா கூட்டம் எல்லை மீறுனா பக்கெட்ல தண்ணி சேரும். ஊருக்கே தெரிஞ்ச ஒரு ஹோட்டல்ல ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு வந்த சட்னில தேங்கா வாசனைக்கு பதிலா தண்ணிதான் முன்னாடி நின்னுச்சு, காலைல அதே இடத்துல சாப்பிட்டவங்க கெட்டியா இருந்துச்சுன்னு சொன்னாங்க. காபியும் அப்படித்தான், டிகாக்‌ஷன் இறங்கி ரொம்ப நேரம் ஆகாம இருந்தா மணம் தூக்கும், நெரிசல்ல முதல் டிகாக்‌ஷன் தீந்துபோச்சுன்னா ரெண்டாவது எறக்குனதுதான் கெடைக்கும்.

ரெண்டாவது படி: எந்த ஹோட்டல்ல என்ன மாதிரி கூட்டம்னு பிரிச்சு பாருங்க

எல்லா கூட்டமும் ஒண்ணு கெடையாது. நின்னு சாப்பிடுற எடத்துல இருக்குற கூட்டமும், பேர் எழுதி வெச்சு கூப்பிடுற எடத்துல இருக்குற கூட்டமும் வேற வேற அனுபவம்.

வித்யார்த்தி பவன் 1943லேர்ந்து காந்தி பஜார்ல இருக்கு. ஒரே ஹால், சுவர் பூரா கன்னட எழுத்தாளர்கள் பெரியவங்க படம், வாசல்ல ஆளு நின்னு பேரும் எத்தனை பேருன்னும் கேட்டு எழுதிக்குவாரு, கூப்பிட்டா உள்ள போகலாம். மெனு சின்னது, வர்றவங்கள்ல பெரும்பாலும் மசாலா தோசைதான், அதனால உள்ள வேலை வேகமா நடக்கும். சப்ளையர் ஒரு கையில தோசை தட்டுகளை முழங்கைக்கு மேல வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு அடுக்கிக்கிட்டு, இன்னொரு கையால ஒவ்வொரு டேபிளா எறக்கிட்டே வருவாரு, அதை பக்கத்துலேர்ந்து பாக்கறதே தனி அனுபவம், எந்த தட்டு யாருக்குன்னு பேப்பர் பேனா எதுவும் இல்லாம ஞாபகத்துல வெச்சிருப்பாரு.

எம்டிஆர் 1924ல ஆரம்பிச்சது, உடுப்பி பக்கத்துலேர்ந்து வந்த மையா குடும்பம். அங்கயும் பேர் சொல்லிட்டு காத்திருக்கணும். இவங்க தரத்தை எப்படி பாத்தாங்கன்னா, 1975 எமர்ஜென்சி சமயத்துல ஹோட்டல் விலையை அரசாங்கம் ரொம்ப கொறைச்சு நிர்ணயம் பண்ணுனப்ப, சாமானை கொறைக்காம அதே தரத்துல போட்டு நஷ்டத்தை வெளிய போர்டுல எழுதி வெச்சாங்க, கடைசியில தாக்குப்பிடிக்க முடியாம கொஞ்ச காலம் கடையை மூடவே செஞ்சாங்க, அப்ப ஆளுங்களுக்கு வேலை கொடுக்க வளர்த்த மசாலா பொடி ரெடிமிக்ஸ் வியாபாரம்தான் பின்னாடி பெரிய கம்பெனி ஆச்சு. இங்க கூட்டம் நிதானமான கூட்டம். மதியம் ஃபுல் மீல்ஸ்னா ஒண்ணொண்ணா பரிமாறி முடிக்க நேரம் எடுக்கும், டேபிள் சீக்கிரம் காலியாகாது, அதனால ஆளு கம்மியா தெரிஞ்சாலும் காத்திருப்பு நீளமா போகும்.

மூணாவது ரகம் தர்ஷினி. 1983ல ஜெயநகர்ல கஃபே தர்ஷினின்னு ஒண்ணு வந்துச்சு, அதைப் பாத்து ஊர் பூரா அதே மாடல் பரவுச்சு. கல்லாப்பெட்டில காசு கட்டு, டோக்கன் வாங்கு, கவுன்டர்ல கொடு, நின்னுட்டே சாப்பிடு, தட்டை தொட்டில போடு, கெளம்பு. கூட்டத்தை சமாளிக்கவே யோசிச்சு செஞ்ச ஏற்பாடு இது, நாற்காலி இல்லன்னா யாரும் உக்காந்து கதை பேச மாட்டாங்க, அதே இடத்துல பல மடங்கு பேரு சாப்பிடலாம், சப்ளையர் சம்பளம் மிச்சம், விலையும் கம்மியா வைக்கலாம். சங்கரபுரத்துல 1965லேர்ந்து இருக்குற பிராமின்ஸ் காபி பார் இதுக்கெல்லாம் முன்னோடி மாதிரி, இட்லி வடை காரா பாத் கேசரி பாத் காபின்னு கைவிரல்ல எண்ணிடலாம், சாம்பாரே கெடையாது, சட்னி எவ்ளோ வேணா ஊத்துவாங்க, தட்டை தூக்கிட்டு வந்து ரோட்டோர மரத்தடியில நின்னு சாப்பிட வேண்டியதுதான். அங்க வெளிய அம்பது பேரு நின்னாலும் பயந்துடாதீங்க, அதுல பாதிப்பேரு ஏற்கனவே தட்டோட நிக்கிறவங்க.

2021ல ஆரம்பிச்ச ராமேஸ்வரம் கஃபே இதே தர்ஷினி முறையை நெய்யும் பொடியுமா இன்னும் வேகமா பண்ணுச்சு, நடுராத்திரி தாண்டியும் கூட்டம் இருக்கும். புரூக்ஃபீல்ட் கடையில 2024 மார்ச் 1 குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் வாசல்ல சோதனை வந்துச்சு, அதனால பெரிய பையோட போனீங்கன்னா கொஞ்சம் நேரம் கூட ஆகும்னு வெச்சுக்கோங்க.

மூணாவது படி: கிழமையும் நேரமும்

வெள்ளிக்கிழமை வித்யார்த்தி பவன் லீவு, திங்கக்கிழமை லால்பாக் ரோடு எம்டிஆர் லீவு, இது தெரியாம ஆட்டோ பிடிச்சு போய் ஷட்டரை பாத்துட்டு திரும்புற குடும்பங்களை அடிக்கடி பாக்கலாம். ரெண்டுமே மதியம் சாயந்தரம்னு நடுவுல கொஞ்ச நேரம் மூடுவாங்க, கெளம்புற அன்னிக்கு மேப்ல டைமிங் ஒரு தடவை பாத்துடுங்க.

வார நாள்ல காலைல ஏழுலேர்ந்து எட்டுக்குள்ள, என்னை கேட்டா இதுதான் தங்கமான நேரம். கடை தொறந்த உடனே போறதை விட ஒரு அரை மணி நேரம் கழிச்சு போறது நல்லது, ஏன்னா முதல் ரெண்டு ஈடுல கல்லு இன்னும் பதத்துக்கு வந்திருக்காது, வீட்ல முதல் தோசை எப்பவும் சரியா வராத மாதிரிதான் இங்கயும். ஏழு மணிக்கு மேல வாக்கிங் முடிச்ச பெரியவங்க வந்து உக்காந்திருப்பாங்க, டேபிள் முக்கால்வாசி நெறஞ்சிருக்கும், வெளிய லைன் இருக்காது, அடுக்களை சீரான வேகத்துல ஓடும். நான் முதல்ல சொன்ன அந்த அளவு இதுதான்: உள்ள ஃபுல், வெளிய ஆளில்ல.

சனி ஞாயிறு எட்டரைலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் தவிருங்க. முடியவே முடியாது, ஞாயிறு ஒரு நாள்தான் இருக்குன்னா ஆறரைக்கே வாசல்ல இருங்க, கல்லு பதத்துக்கு வராட்டியும் பரவால்ல, ஒன்பது மணி நெரிசலுக்கு அது எவ்ளவோ மேல். ஞாயித்துக்கிழமை எம்டிஆர்ல சந்திரஹாரான்னு ஒரு ஸ்வீட் போடுவாங்க, அதுக்காகவே வர்ற கூட்டமும் சேந்துக்கும்.

வார நாள் சாயந்தரம் நாலுலேர்ந்து அஞ்சரை யாரும் சொல்லாத நல்ல நேரம், ஆபீஸ் விடறதுக்கு முன்னாடி.

அப்புறம் உள்ளூர் காலண்டர். ஜனவரிலயும் ஆகஸ்ட்லயும் லால்பாக் மலர் கண்காட்சி நடக்கும், அந்த நாட்கள்ல பக்கத்துல இருக்குற எம்டிஆர் வாசல் தாங்காது. கன்னட கார்த்திக மாச (நம்ம கார்த்திகை இல்ல) கடைசி திங்கக்கிழமை பசவனகுடி நந்தி கோயில் பக்கம் கடலைக்காய் பரிஷேங்குற வேர்க்கடலை திருவிழா, ரோடு பூரா வேர்க்கடலை குவிச்சிருப்பாங்க, காந்தி பஜார் பக்கம் வண்டியே நகராது. திருவிழா பாக்க வாங்க, கட்டாயம் வாங்க, ஆனா அன்னிக்கு தோசைக்கு வேற பேட்டையை பாருங்க. விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாளும் இதே கதை, பூ பழம் வாங்க மொத்த தெற்கு பெங்களூரும் காந்தி பஜார்லதான் இருக்கும்.

நாலாவது படி: நிக்கலாமா வேணாமான்னு கணக்கு போடுங்க

லைனை பாத்த உடனே பயப்படுறதும் சரி, வந்தது வந்துட்டோம்னு கண்ணை மூடிட்டு நிக்கிறதும் சரி, ரெண்டுமே தேவையில்ல, ஒரு நிமிஷம் கணக்கு போட்டா போதும். உள்ள எத்தனை பேரு உக்காரலாம், ஒருத்தர் சாப்பிட்டு எழுந்திரிக்க எத்தனை நிமிஷம், முன்னாடி எத்தனை பேரு, இது மூணுதான் வேணும். உதாரணத்துக்கு 80 பேரு உக்காருற ஹால், ஒருத்தருக்கு 25 நிமிஷம்னா, நிமிஷத்துக்கு மூணு பேருக்கு மேல வெளிய வர்றாங்க. உங்களுக்கு முன்னாடி 60 பேருன்னா சுமாரா 20 நிமிஷம். அதே 60 பேரு, 40 சீட்டு, மீல்ஸ் நேரம், ஒருத்தருக்கு 45 நிமிஷம்னா ஒரு மணி நேரத்தை தாண்டிடும். லிஸ்ட்ல பேரை எண்ணாதீங்க, தலையை எண்ணுங்க, ஒரு பேருக்கு பின்னாடி ஆறு பேரு இருக்கலாம்.

வாசல்ல இருக்குறவர்கிட்ட "எவ்ளோ நேரம் ஆகும்"னு கேட்டா பாவம் அவரு "பதினஞ்சு நிமிஷம்"னுதான் சொல்வாரு, நூறு பேரு அதையே கேக்கறாங்க. அதுக்கு பதிலா இப்ப எந்த பேரு கூப்பிட்டாங்க நம்ம பேருக்கு முன்னாடி எத்தனை இருக்குன்னு லிஸ்ட்ட காட்ட சொல்லி கேளுங்க, அது உண்மையான பதில்.

என்னோட எல்லை அரை மணி நேரம். அதுக்கு மேல நின்னா பசி எகிறும், எரிச்சல் எகிறும், எதிர்பார்ப்பும் எகிறும், அப்புறம் எந்த தோசையாலயும் அந்த நின்ன நேரத்துக்கு ஈடு கட்ட முடியாது, அது தோசை மேல இருக்குற குத்தமே இல்ல. நின்ன நேரத்தை தோசையில கழிச்சு பாக்காம, தட்டுல வந்ததை அதுக்காக மட்டும் ருசிச்சு பாருங்கன்னு சொல்லலாம், ஆனா பசியில யாராலயும் அது முடியறதில்ல, அதான் அரை மணி நேரத்தோட நிறுத்திக்க சொல்றேன்.

கூட சின்னப்பசங்க வயசானவங்க இருந்தா ஒருத்தர் மட்டும் பேர் கொடுத்துட்டு நில்லுங்க, மத்தவங்க காந்தி பஜார்ல பூக்கடை பழக்கடைன்னு ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், பெரியவங்களுக்கு கையில தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும் இருக்கட்டும், சர்க்கரை உள்ளவங்க வெறும் வயித்துல ஒன்பதரை வரைக்கும் நிக்கவே கூடாது. மாடிப்படி ஏற முடியாதவங்கன்னா பேர் கொடுக்கும்போதே சொல்லிடுங்க, பொதுவா கீழ எடம் பாத்து கொடுப்பாங்க.

வண்டி விஷயம் ஒரே வரி: கார் எடுக்காதீங்க. பச்சை லைன் மெட்ரோல நேஷனல் காலேஜ் ஸ்டேஷன்ல எறங்குனா காந்தி பஜார் நடக்குற தூரம்தான்.

அஞ்சாவது படி: எத்தனை பேரா போறீங்க

இது பெரிய வித்தியாசம் பண்ணும், யாரும் கண்டுக்கறதில்ல. எட்டு பேரு ஒண்ணா உக்காரணும்னா ரெண்டு டேபிள் ஒரே நேரத்துல காலியாகணும், அது நடக்கறதுக்குள்ள ரெண்டு பேரு மூணு பேருன்னு வந்தவங்க எல்லாம் உங்களை தாண்டி போயிட்டே இருப்பாங்க, "எங்களுக்கு அப்புறம் வந்தவங்க எப்படி உள்ள போறாங்க"ன்னு சண்டை ஆரம்பிக்கும். அநியாயம் ஒண்ணும் நடக்கல, காலியான சீட்டுக்கு ஏத்த ஆளை அனுப்புறாங்க. பேர் கொடுக்கும்போதே "பிரிஞ்சு உக்காந்துக்கறோம்"னு சொல்லி நாலு நாலா எழுதிடுங்க. தனியா போனா இன்னும் லாபம், எங்கயாவது ஒரு சீட்டு இருந்துட்டே இருக்கும்.

ஆறாவது படி: தெரியாதவங்களோட ஒரே டேபிள்ல

இந்த ஹோட்டல்கள்ல டேபிளை பகிர்ந்துக்கறது சாதாரணம். நம்ம ஊர் மெஸ்ல பழகுனவங்களுக்கு கஷ்டமே இருக்காது, கொஞ்சம் பெரிய ஹோட்டலா பாத்து பழகுனவங்களுக்கு முதல்ல சங்கடமா இருக்கும். எதிர்ல உக்காந்திருக்குற பெரியவரு அம்பது வருஷமா வர்றவரா இருக்கலாம், அவரு என்ன சாப்பிடறாரோ அதையே சொல்லுங்க, இதை விட நல்ல மெனு கார்டு கெடையாது. பேசுனா பேசுங்க, பேப்பர் படிச்சிட்டிருந்தா விட்டுடுங்க.

கூட்டம் பறிச்சுக்கிட்ட ஒண்ணு இருக்கு, அதை சொல்லியே ஆகணும். காலைல ஒரு காபியை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசிட்டிருந்த பேட்டைக்காரங்களுக்குத்தான் இந்த ஹோட்டல்கள் முதல்ல சொந்தம். ரீல்ஸ் பாத்துட்டு வர்ற கூட்டம் ஏற ஏற, பின்னாடி ஒருத்தர் நாற்காலியை பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப அவங்களால உக்கார முடியல, கொஞ்சம் கொஞ்சமா விடிகாலைக்கும் சாயந்தரத்துக்கும் தள்ளிப்போயிட்டாங்க, சில பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க. அதனால வெளியூர்லேர்ந்து வர்ற நீங்க அவங்க நேரத்துல போகும்போது கொஞ்சம் அடக்கமா இருக்கணும். சாப்பிட்டுட்டிருக்கவங்க தலைக்கு பின்னாடி போய் நிக்காதீங்க, ஒருத்தரோட கடைசி வாயை பாத்துட்டே நிக்கிறது அவரோட காலையை கெடுக்குற வேலை. போட்டோ எடுங்க, பக்கத்து ஆளு முகம் இல்லாம எடுங்க, ரிங் லைட் எல்லாம் வேணாம்.

ஏழாவது படி: ஆர்டர் பண்றது

நெரிசல் நேரத்துல சப்ளையர் உங்க டேபிளுக்கு ஒரு தடவைதான் ஒழுங்கா வருவாரு, ரெண்டாவது தடவை அவரை பிடிக்கறது கஷ்டம். வெளிய நிக்கும்போதே முடிவு பண்ணிட்டு உக்காந்த உடனே மொத்தத்தையும் சொல்லிடுங்க. "எரடு மசாலே, ஒந்து வடே, பை டூ காபி" (ரெண்டு மசாலா தோசை, ஒரு வடை, பை டூ காபி) அவ்ளோதான், இந்த ஊர்ல ஒரு காபியை ரெண்டா பிரிச்சு தர்றதுக்கு பை டூன்னு பேரு. தமிழ்ல சொன்னாலும் பெரும்பாலும் புரியும், அண்ணா, சார்னு கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கன்னடத்துல கேட்டா அவங்க முகமே மாறும்.

உள்ள போனப்ப ஒரு ஈடு தோசை இப்பதான் எறங்கி விநியோகம் ஆகியிருந்தா அடுத்த ஈடுக்கு காத்திருக்கணும், பக்கத்து டேபிளுக்கு வந்துச்சே எங்களுக்கு வரலயேன்னு கூப்பாடு போட்டு பிரயோஜனம் இல்ல. அந்த நேரத்துக்கு முதல்ல ஒரு வடையோ காரா பாத்தோ சொல்லி வெச்சுக்கோங்க, அது உடனே வரும், தோசை அது பாட்டுக்கு சூடா வரட்டும்.

கூட்டம் எந்த அளவுல இருக்கோ அதுக்கு ஏத்த ஐட்டம் சொல்லணும், இதுதான் இந்த முழு வழிகாட்டிலயும் எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயம். நெரிசல் உச்சத்துல மாட்டிக்கிட்டீங்கன்னா ஆவியில வேகுறது, எண்ணெய்ல பொரியுறது, பாத்திரத்துலேர்ந்து எடுத்து வைக்கிறது, இதெல்லாம் பாதுகாப்பு. எம்டிஆர்ல அப்படி ஒரு நேரத்துல நான் ரவா இட்லிதான் சொல்வேன், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அரிசி தட்டுப்பாடு வந்தப்ப அவங்களே ரவையில செஞ்சு பாத்து கண்டுபிடிச்சதா சொல்ற ஐட்டம், முந்திரி மேல பதிச்சு, சாகுவும் (குருமா மாதிரி) சின்ன கிண்ணத்துல நெய்யும் வரும், கூட்டம் எவ்ளோ இருந்தாலும் அதோட ருசி அசையாது. கூட்டம் நிதானமா இருந்தா தோசைக்கு போங்க. "கொஞ்சம் ரோஸ்டா, எண்ணெய் கம்மியா, மசாலா தனியா"ன்னு கேக்கறதெல்லாம் வார நாள் காலைக்கு வெச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்கு அந்த மாதிரி கேட்டா ஒண்ணு மறந்துடுவாங்க, இல்ல உங்க தட்டு மட்டும் கடைசியா வரும்.

வித்யார்த்தி பவன்ல தோசைக்கு சட்னிதான், சாம்பார் எங்கன்னு தேடாதீங்க. சட்னிக்காரரு தனியா சுத்தி வந்துட்டே இருப்பாரு, கை காட்டுனா ஊத்திட்டு போவாரு.

ரொம்ப நேரம் நின்னவங்க எல்லாரும் பண்றது, திரும்ப எப்ப வருவோமோன்னு மெனுல பாதியை சொல்லிடறது. அந்த தோசையில நெய் ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி, ஒண்ணரைக்கு மேல முழுசா ருசிச்சு சாப்பிட முடியாது, அப்புறம் மீதியை ஒதுக்கி வெச்சுட்டு எழுந்திரிக்கிறப்ப வாசல்ல இன்னும் நாப்பது பேரு பசியோட நிப்பாங்க. ரெண்டு பேருக்கு ரெண்டு தோசை, நடுவுல பகிர ஒண்ணு, காபி, போதும்.

எட்டாவது படி: முடிச்சு எழுந்திரிக்கிறது

காபி எம்டிஆர்ல வெள்ளி டம்ளர்ல வர்ற வழக்கம் உண்டு, அதை மட்டும் அவசரப்படாம குடிங்க. குடிச்சு முடிச்சதும் பில்லு, சில்லறையோ யூபிஐயோ ரெடியா வெச்சுக்கோங்க, எழுந்துடுங்க. மிச்ச பேச்சை வெளிய வந்து பேசிக்கலாம், லால்பாக்ல உக்கார எவ்ளோ வேணா எடம் இருக்கு. காலைலேர்ந்து நின்ன கால்ல நடந்துட்டிருக்குற சப்ளையருக்கு ஏதாவது வெச்சுட்டு வாங்க, இந்த கூட்டத்தோட மொத்த பாரமும் கடைசியில அவரு தோள்லயும் கல்லுக்கு முன்னாடி வேகுற மாஸ்டர் மேலயும்தான் எறங்குது.

பார்சல் வாங்கலாமா

தோசையை பார்சல் வாங்காதீங்க, ஆப்ல ஆர்டர் பண்ணவும் வேணாம். சூடான தோசையை மடிச்சு மூடுன உடனே அதோட ஆவியே அதை ஊறவெச்சிடும், பத்து நிமிஷத்துல மொறுமொறுப்பு போயிடும், அப்புறம் நீங்க சாப்பிடறது வெறும் மாவும் உருளைக்கிழங்கும்தான். இன்னொரு விஷயமும் இருக்கு, டெலிவரி ஆர்டர் எல்லாம் அதே கல்லுலதான் ஊத்தணும், வாசல்ல லைன் நகராம இருக்குறதுக்கு நம்ம கண்ணுக்கு தெரியாத அந்த லைனும் ஒரு காரணம். இட்லி, காரா பாத், கேசரி பாத் தாராளமா வாங்கிட்டு போகலாம், சட்னியை மட்டும் சீக்கிரம் காலி பண்ணிடுங்க.

கணக்கு போட்டு பாத்து வேணாம்னு முடிவு பண்ணிட்டா

வித்யார்த்தி பவன் லைன் அரை மணி நேரத்தை தாண்டும்போல இருந்தா அங்கேர்ந்து சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு போயிடுங்க, நடந்தே போயிடலாம், இட்லி வடை முடிச்சுட்டு காபியும் குடிச்சு வெளிய வர்றதுக்கு இருபது நிமிஷம் போதும். லால்பாக் பக்கம் மாட்டிக்கிட்டா எம்டிஆருக்கு ஊர்ல வேற கிளைகளும் இருக்கு, அங்க அந்த பழைய கட்டடத்தோட வாசனை இருக்காது, ஆனா ரவா இட்லி கெடைக்கும். மல்லேஸ்வரத்துல சிடிஆர் வாசல் நெரிசலா இருந்தா மார்கோசா ரோட்டுலயும் சம்பிகே ரோட்டுலயும் ரெண்டு குறுக்குத்தெரு தள்ளி நடங்க, உள்ளூர்க்காரங்க நின்னு சாப்பிடுற ஏதாவது ஒரு தர்ஷினி கட்டாயம் கண்ணுல படும், தட்டு வேகமா காலியாகுதா, இட்லி குண்டான்லேர்ந்து ஆவி வருதா, இது ரெண்டையும் பாத்துட்டு டோக்கன் வாங்கிடுங்க.